ஒன்ராறியோ வாகன விபத்து வழக்கில் ஒஃபர் வந்தால்: சட்டச் செலவு யார் தலையில் விழும்?

விபத்தில் காயம்பட்டு வழக்குப் போட்டிருக்கிறீர்கள். ஒருநாள் உங்கள் சட்டத்தரணி அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வருகிறது: எதிர்த்தரப்பின் காப்புறுதி நிறுவனம் ஒரு தொகை தருவதாக எழுதியிருக்கிறது. இந்தத் தொகைக்கு வழக்கை முடிப்போம் என்று ஒரு தரப்பு இப்படி எழுதுவதுதான் ஒஃபர். "இவ்வளவுதானா? வேண்டாம் என்று சொல்லுங்கோ" என்பதுதான் பலரும் முதலில் சொல்வது. அப்படிச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கடிதம் உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்ட தேதியிலிருந்து இரண்டு பக்கத்துச் சட்டச் செலவையும் யார் சுமப்பது என்ற கணக்கு மாறக்கூடும். வழக்கில் வென்றும் வெறுங்கையோடு வீடு போகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுப்படுகிறார்கள்.

இங்கே எழுதியிருப்பது ஒன்ராறியோ மாகாணத்துக்கு மட்டும். மற்ற மாகாணங்களில் விதிகள் வேறு. உங்கள் வழக்குக்கான ஆலோசனையை உங்கள் சட்டத்தரணியிடமே பெறவேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்குத்தான் இது.

1. முதலில் எந்தக் கோப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரே விபத்துக்கு இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்று, உங்கள் சொந்தக் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்கும் விபத்துப் பலன்கள்: சிகிச்சைச் செலவு, வருமான ஈடு போன்றவை. அதில் தகராறு வந்தால் லைசென்ஸ் அப்பீல் ட்ரிபியூனல் என்ற மாகாணத் தீர்ப்பாயத்துக்குப் போகும். மற்றது, பிழை விட்ட சாரதிமேல் சுப்பீரியர் கோர்ட்டில் போடும் நட்டஈட்டு வழக்கு. ஒஃபரை மறுத்தால் செலவு திரும்பி உங்கள்மேல் விழும் என்ற விதி இந்த இரண்டாவது கோப்புக்கு உரியது. சிவில் நடைமுறை விதிகளில் அது 49ஆம் விதி.

இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக ஒஃபர் வந்தால், எந்தக் கோப்புக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பிரிக்காமல் எந்த முடிவும் எடுக்கவேண்டாம்.

2. செலவு விதியின் அடிப்படை

ஒன்ராறியோவில் தோற்றவர் வென்றவருடைய சட்டச் செலவில் ஒரு பகுதியைக் கட்டுவது வழக்கம். நீதிபதி இரண்டு அளவுகோல்களைப் பயன்படுத்துவார்.

பார்ஷல் இன்டெம்னிட்டி என்பது சாதாரண அளவு. உண்மையான சட்டத்தரணிக் கட்டணத்தில் ஏறத்தாழ 60 வீதம் என்று வைத்துக் கணக்குப் பார்க்கலாம். சப்ஸ்டான்ஷல் இன்டெம்னிட்டி உயர்ந்த அளவு. விதிப்படி முதலாவதின் ஒன்றரை மடங்கு. இவற்றோடு மருத்துவ நிபுணர் அறிக்கை, நீதிமன்றக் கட்டணம், ஆவணப் பிரதி போன்ற கைச்செலவுகளும், கட்டணத்தின் மேல் 13 வீத எச்எஸ்டி வரியும் சேரும்.

49ஆம் விதி இந்த வழக்கத்தை இரண்டு திசையில் மாற்றுகிறது.

நீங்கள் கொடுத்த ஒஃபரை அவர்கள் ஏற்கவில்லை, தீர்ப்பு உங்கள் ஒஃபருக்குச் சமமாகவோ கூடவோ வந்தது என்றால், ஒஃபர் கொடுத்த நாள்வரை சாதாரண அளவிலும் அதன் பின் உயர்ந்த அளவிலும் உங்களுக்குச் செலவு கிடைக்கும்.

அவர்கள் கொடுத்த ஒஃபரை நீங்கள் ஏற்கவில்லை, தீர்ப்பு அந்த ஒஃபருக்குச் சமமாகவோ குறைவாகவோ வந்தது என்றால், ஒஃபர் நாள்வரையான செலவு மட்டுமே உங்களுக்கு. அந்த நாளுக்குப் பிறகு அவர்களுடைய செலவை நீங்கள் கட்டவேண்டும். சமமாக வந்தாலே போதும், இந்த விதி உங்களைப் பிடிக்கும் என்பதைக் கவனியுங்கள்.

நீதிபதி வேறுவிதமாகவும் கட்டளையிடலாம். ஆனால் அதை நம்பி வழக்கை நடத்தமுடியாது.

3. எண்களை வைத்துப் பாருங்கள்

கீழே உள்ளவை விளக்கத்துக்கான எண்கள். 8ஆம் பகுதியில் வரும் எளிய நடைமுறைக்கு வெளியே நடக்கும் வழக்கு என்று வைத்துப் போட்டவை.

உங்கள் சட்டத்தரணிக் கட்டணம் ஒஃபருக்கு முன் 40,000 டாலர், பின் 100,000 டாலர் என்று வைப்போம். நீங்கள் 150,000 டாலருக்கு ஒஃபர் கொடுத்து, தீர்ப்பு 165,000 டாலர் வந்தால், முன்பகுதிக்கு 24,000, பின்பகுதிக்கு 90,000, மொத்தம் 114,000 டாலர் செலவாகக் கிடைக்கும். ஒஃபரே கொடுக்காமல் இருந்திருந்தால் 84,000. இரண்டு பக்கக் கடிதம் ஒன்று 30,000 டாலர் பெறுகிறது.

இப்போது மறுபக்கம். அவர்கள் 120,000 டாலரும் அதுவரையான செலவும் தருவதாகச் சொன்னார்கள், நீங்கள் மறுத்தீர்கள், தீர்ப்பு 95,000. ஒஃபர் நாள்வரை உங்களுக்கு 24,000 டாலர் கட்டணமும் 8,000 கைச்செலவும் வரும். அதற்குப் பிறகான அவர்களுடைய கட்டணத்துக்கு 60,000, நிபுணர் செலவுக்கு 25,000 நீங்கள் கொடுக்கவேண்டும். 95,000 உடன் 32,000ஐக் கூட்டி 85,000ஐக் கழித்தால் மிச்சம் 42,000. அதிலிருந்து ஒஃபருக்குப் பின் உங்கள் தரப்பு நிபுணர்களுக்குப் போன 30,000ஐயும் எடுத்தால் 12,000. உங்கள் சட்டத்தரணியின் பங்கு இன்னும் போகவில்லை. அன்றே ஏற்றிருந்தால் 152,000 டாலர் வந்திருக்கும்.

4. தீர்ப்புத் தொகை என்றால் கழிவுகளுக்குப் பிறகான தொகை

அதிகம் பேர் தவறாகக் கணக்குப் போடுவது இங்கே. ஒன்ராறியோ வாகன வழக்கில் வலி, வேதனைக்கான நட்டஈட்டிலிருந்து சட்டப்படி ஒரு டிடக்டிபிள் கழிக்கப்படும். 2025இல் அது 46,790.05 டாலர். அதே ஆண்டில் வலி, வேதனைக்கான தொகை 155,965.54 டாலரைத் தாண்டினால் மட்டும் கழிவு இல்லை. இரண்டு எண்ணும் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் மாறும். கணக்கில் எடுக்கப்படுவது விபத்து நடந்த ஆண்டின் எண் அல்ல, நட்டஈடு தீர்மானிக்கப்படும் காலத்து எண். அதனால் வழக்கு இழுபட இழுபடக் கழிவும் கூடிக்கொண்டு போகும்.

ஜூரி இந்தக் கழிவைப் பார்க்காமல்தான் தொகை சொல்லும். காப்புறுதி நிறுவனம் வலிக்கு 50,000 டாலர் தர முன்வந்தது, ஜூரி 90,000 என்றது என்று வையுங்கள். கேட்பவருக்கு அது வெற்றி. கழித்தபின் கைக்கு வருவது 43,209.95 டாலர். ஒஃபரை விடக் குறைவு. செலவு உரிமையைத் தீர்மானிக்கும்போதும் இந்தக் கழிவு கணக்கில் எடுக்கப்படும். முன்பு சட்டம் வேறுவிதமாக இருந்தது, 2015இல் மாறிவிட்டது. பழைய வழக்குகளைக் கேள்விப்பட்டு ஆலோசனை சொல்லும் உறவினர்களுக்கு இது தெரிந்திருக்காது.

வேறு இரண்டு கழிவுகளும் உண்டு. உங்கள் சொந்தக் காப்புறுதியிலிருந்து பெற்ற வருமான ஈடு போன்ற பலன்கள் அதே வகை நட்டஈட்டிலிருந்து குறையும். அத்துடன், காயம் நிரந்தரமானதும் பாரதூரமானதும் என்ற சட்ட வரம்பை எட்டவில்லை என்று நீதிபதி முடிவு செய்தால், ஜூரி என்ன தொகை சொன்னாலும் வலி, வேதனைக்கு ஒன்றும் கிடையாது.

ஆகவே சட்டத்தரணியிடம் "எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்காதீர்கள். "எல்லாக் கழிவும் போக நல்ல நிலையில் எவ்வளவு, மோசமான நிலையில் எவ்வளவு?" என்று கேளுங்கள். அதை எழுத்தில் வாங்குங்கள்.

5. வந்த ஒஃபரைப் படிக்கும்போது

எல்லாக் கடிதமும் இந்த விதிக்குள் வராது. கையில் வைத்துக்கொண்டு இவற்றைச் சரிபாருங்கள்:

- எழுத்தில் இருக்கிறதா? தொலைபேசியில் சொன்ன தொகைக்கு 49ஆம் விதியின் பலன் இல்லை.
- வழக்கு விசாரணை தொடங்குவதற்குக் குறைந்தது 7 நாளுக்கு முன் சேர்ப்பிக்கப்பட்டதா?
- விசாரணை தொடங்கும்வரை திறந்திருக்கிறதா? "இம்மாதம் 30ஆம் தேதி மாலை 5 மணிவரை" என்று காலக்கெடு போட்ட ஒஃபர் அந்த நேரத்தோடு செத்துவிடும். விதி தானாகப் பாயாது. ஆனாலும் எழுத்தில் வந்த எந்த ஒஃபரையும் செலவு தீர்மானிக்கும்போது பார்க்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அதனால் அதையும் குப்பையில் போடவேண்டாம்.
- நட்டஈடு, தீர்ப்புக்கு முந்தைய வட்டி, சட்டச் செலவு, கைச்செலவு நான்கும் பிரித்து எழுதப்பட்டிருக்கிறதா?

கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். "எல்லாம் உள்ளடக்கி 100,000 டாலர்" என்று வரும் ஒஃபரைத் தீர்ப்போடு ஒப்பிடுவது கடினம், ஏனென்றால் அதில் நட்டஈடு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தன் ஒஃபர் தீர்ப்பை விடச் சாதகமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு ஒஃபர் கொடுத்தவருடையது. நீங்கள் கொடுக்கும் ஒஃபரிலும் அதே பிழையைச் செய்யக்கூடாது.

வழக்கில் மனைவி, பிள்ளைகள், பெற்றோரும் உரிமைகோரியிருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித் தொகை இருக்கவேண்டும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே எண் என்றால் ஒருவர் மட்டும் ஏற்கமுடியாது; பின்னர் ஒப்பிடவும் முடியாது. பிழை விட்ட சாரதிகள் பலர் இருந்து, எல்லோரும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு என்று வழக்கிட்டிருந்தால், ஒருவருக்கு மட்டும் கொடுக்கும் ஒஃபருக்குப் பொதுவாக இந்த விதியின் பலன் இல்லை.

6. உங்கள் ஒஃபரை நீங்களே கொடுங்கள், நேரத்தோடு

எதிர்த்தரப்பு வாய் திறக்கட்டும் என்று காத்திருப்பதில் ஒரு நன்மையும் இல்லை. உயர்ந்த அளவுச் செலவு நீங்கள் ஒஃபர் கொடுத்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். பிந்திய ஒவ்வொரு மாதமும் அந்த உயர்வு உங்களுக்கு இல்லாமல் போகும். பெரும்பாலும் இருதரப்பு வாக்குமூலப் பரிசோதனை (விசாரணைக்கு முன் ஒருவரையொருவர் சத்தியத்தின்மேல் கேள்வி கேட்பது) முடிந்து, முக்கிய மருத்துவ அறிக்கை கைக்கு வந்த உடனே கொடுப்பது நல்லது. அதற்கு முன் கொடுத்தால் காயத்தின் அளவு தெரியாமல் குறைத்துக் கேட்டுவிடும் ஆபத்து உண்டு.

படிவம் 49ஏ. நீதிமன்றப் படிவங்களுக்கான அரசுத் தளத்திலிருந்து புதிய பிரதியை எடுங்கள். அதில்:

- நட்டஈட்டுத் தொகை, கழிவுகள் எல்லாம் போனபின் நிகரத் தொகை என்ற குறிப்போடு.
- வட்டி: நீதிமன்றச் சட்டப்படி என்று எழுதினால் எந்தத் தேதிவரை என்பதையும் எழுதுங்கள். வட்டியைக் கலந்து விட்டால் ஒப்பிடும்போது குழப்பம் வரும்.
- செலவு: இணக்கத்தால் அல்லது நீதிமன்ற மதிப்பீட்டால் தீர்மானிக்கப்படும் பார்ஷல் இன்டெம்னிட்டிச் செலவும் கைச்செலவும் தனியாக.
- காலம்: விசாரணை தொடங்கி ஒரு நிமிடம்வரை திறந்திருக்கும் என்று எழுதுவது வழக்கம்.
- பணம் எத்தனை நாளுக்குள் வரவேண்டும் என்பது.

7 நாள் கணக்கில் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் சேராது. மாலை 4 மணிக்குப் பின் அனுப்பியது அடுத்த வேலைநாளில் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். வெள்ளி மாலை 4.20க்கு அனுப்பிய ஒஃபர் திங்கட்கிழமை ஒஃபர். கடைசி நாளை நோக்கி ஓடாமல், விசாரணைக்குப் பல வாரங்களுக்கு முன்பே கொடுத்து, அனுப்பிய மின்னஞ்சலையும் சேர்ப்பித்த சான்றையும் கோப்பில் வையுங்கள். தீர்ப்பு வரும்வரை நீதிமன்றத்தில் இதைத் தாக்கல் செய்யக்கூடாது.

7. மறுத்த ஒஃபரும் மறந்த ஒஃபரும்

சாதாரண வியாபாரப் பேச்சில் நீங்கள் எதிர்த் தொகை சொன்னதும் பழைய தொகை போய்விடும். 49ஆம் விதியில் அப்படி இல்லை. எதிர்த்தரப்பின் ஒஃபரை மறுத்து, எதிர் ஒஃபரும் கொடுத்த பிறகும், அதில் போட்ட காலக்கெடு முடியாமலும் அவர்கள் எழுத்தில் வாபஸ் வாங்காமலும் இருக்கும்வரை பழையதை நீங்கள் ஏற்கலாம். நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை அந்தக் கதவு திறந்திருக்கும். கோபத்தில் மறுத்துவிட்டோம், இனி வழியில்லை என்று நினைப்பவர்கள் இதைச் சட்டத்தரணியிடம் கேட்டுப் பாருங்கள்.

இதன் மறுபக்கம் ஆபத்தானது. இரண்டு வருடத்துக்கு முன் 90,000 டாலருக்கு ஒஃபர் கொடுத்தீர்கள். பிறகு முள்ளந்தண்டில் அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். புதிதாக 250,000 டாலருக்கு ஒஃபர் கொடுத்தீர்கள். பழையதை வாபஸ் வாங்கும் 49பி படிவம் போகவில்லை. புதிய ஒஃபர் பழையதைத் தானாக ரத்துச் செய்யும் என்று நம்பமுடியாது. எதிர்த்தரப்பு பழைய 90,000ஐ ஏற்பதாக 49சி படிவம் அனுப்பினால் வழக்கு அந்த விலைக்கே முடிந்துபோகலாம். மருத்துவ நிலை மாறும் ஒவ்வொரு தடவையும், திறந்திருக்கும் ஒஃபர்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

ஏற்ற ஒஃபரில் செலவு பற்றி ஒன்றும் எழுதாவிட்டால்: அவர்களுடைய ஒஃபரை நீங்கள் ஏற்றால், அது உங்களுக்குச் சேர்ந்த நாள்வரையான செலவு உங்களுக்கு. உங்களுடையதை அவர்கள் ஏற்றால், ஏற்பு அறிவித்தல் வந்த நாள்வரை. எனவே ஆறு மாதம் யோசித்து ஏற்றால், அந்த ஆறு மாதச் செலவை நீங்களே தாங்கவேண்டி வரலாம்.

8. எந்த நடைமுறையில் வழக்குப் போடுகிறீர்கள் என்பதும் செலவை மாற்றும்

200,000 டாலர்வரையான வழக்குகள் எளிய நடைமுறையில், 76ஆம் விதியின் கீழ் போகும். அங்கே ஒரு தரப்பு மீட்கக்கூடிய செலவு 50,000 டாலருக்கும் கைச்செலவு 25,000 டாலருக்கும் மேல் போகாது. விசாரணை அதிகபட்சம் 5 நாள். தோற்றால் இழப்புக்கு ஒரு எல்லை இருக்கிறது என்பது நடுத்தரக் காயங்களுக்குப் பெரிய நிம்மதி. வென்றாலும் அதே எல்லைதான்.

ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட்டின் வரம்பு 2025 ஒக்டோபர் 1 முதல் 50,000 டாலர். சுப்பீரியர் கோர்ட்டில் வழக்குப் போட்டு, தீர்ப்பு அந்தச் சிறு நீதிமன்ற வரம்புக்குள் வந்தால், வென்றவருக்கும் செலவு இல்லை என்று நீதிபதி சொல்லலாம். டிடக்டிபிளைக் கழித்துவிட்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

9. தொடக்கத்திலேயே தவறவிடும் இரண்டு விடயங்கள்

விபத்து நடந்து 120 நாளுக்குள், வழக்குப் போடும் எண்ணம் இருப்பதாக எதிர்த்தரப்புக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். தவறினால் வழக்கு அழியாது. ஆனால் செலவு தீர்மானிக்கும்போது அது உங்களுக்கு எதிராகப் பேசும், வட்டியும் பிந்தித்தான் தொடங்கும். அதேபோல் காப்புறுதி நிறுவனத்துக்கும் விரைவாகத் தீர்க்க முயலவேண்டிய கடமை உண்டு. அவர்கள் மீடியேஷனுக்கு (நடுவர் ஒருவரை வைத்துப் பேசித் தீர்ப்பதற்கு) வர மறுத்தால் அந்தக் கடிதங்களைச் சேர்த்து வையுங்கள். செலவு வாதத்தில் அவை உதவும்.

10. உங்கள் சட்டத்தரணியோடு உள்ள ஒப்பந்தம்

"வென்றால்தான் கட்டணம்" என்ற கொன்டின்ஜன்சி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர்கள், தோற்றால் தங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை என்று நம்புகிறார்கள். அந்த ஒப்பந்தம் உங்கள் சட்டத்தரணியின் கட்டணத்தைப் பற்றியது. எதிர்த்தரப்புக்குக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் கட்டளையிடும் செலவு உங்கள் பெயரில்தான் வரும். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

- எதிர்த்தரப்பின் செலவுக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறதா? தொகை எவ்வளவு? ஒஃபரை மறுத்ததால் வரும் செலவும் அதற்குள் அடங்குமா? சட்டத்தரணியின் ஆலோசனையை மீறி மறுத்தால் அந்தக் காப்பு நிற்குமா?
- அதன் கட்டுப்பணம் யார் கணக்கில்? எதிர்த்தரப்பிடம் மீட்கலாம் என்று நம்பி இருக்கவேண்டாம்.
- தோற்றால் கைச்செலவு யாருக்கு?
- வீதம் எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது? எதிர்த்தரப்பு கட்டும் செலவும் அதில் சேருமா?

ஒவ்வொரு ஒஃபருக்கும் கடைசியாக உங்கள் கைக்கு வரும் தொகையை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பிள்ளைகளை வைத்து இதை விளங்கப்படுத்த வேண்டாம். ஏற்பதா மறுப்பதா என்பது உங்கள் முடிவு. அந்த முடிவையும் எழுத்தில் கொடுங்கள்.

11. பிள்ளைகளின் வழக்கு

18 வயதுக்கு உட்பட்டவருக்காக அல்லது சுயமாக முடிவெடுக்க இயலாதவருக்காக நீங்கள் வழக்கு நடத்தினால், ஏற்ற ஒஃபரும் நீதிபதி அங்கீகரிக்கும்வரை செல்லாது. மருத்துவ ஆவணங்கள், சத்தியக் கடதாசி, சட்டத்தரணியின் கட்டண விபரம் எல்லாம் போகவேண்டும். இதற்கு மாதக்கணக்கில் எடுக்கலாம் என்பதால் அந்தப் பணத்தை நம்பி வீடு வாங்குவதுபோன்ற ஏற்பாடு எதுவும் செய்யவேண்டாம்.

12. விசாரணை நடக்கும்போதும் முடிந்த பின்னும்

ஒஃபர் பற்றி சாட்சிக் கூண்டில் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. பொறுப்பும் நட்டஈடும் முடிவாகும்வரை விசாரணை நீதிபதிக்கு அது தெரியக்கூடாது. "அவையே எனக்கு இவ்வளவு தாறம் எண்டவை" என்று சொல்லிவிட்டால் விசாரணையே குழம்பிப்போகலாம். விசாரணைக்கு முந்தைய மாநாட்டில் வேறொரு நீதிபதியின் முன் பேசுவது வேறு, அங்கே பேசலாம்.

தீர்ப்பு வந்ததும் செலவு பற்றி எழுத்தில் வாதங்கள் கேட்கப்படும். அதற்கான கெடு குறுகியதாகவே இருக்கும். அப்போது தேவைப்படுபவை: இருதரப்பு ஒஃபர்கள் எல்லாம், ஒவ்வொன்றும் சேர்ப்பிக்கப்பட்ட தேதிக்கான சான்று, வாபஸ் அறிவித்தல்கள், சட்டத்தரணி வேலை செய்த நேரத்தின் தேதிவாரியான குறிப்பு, கைச்செலவுப் பற்றுச்சீட்டுகள். நேரக் குறிப்பை ஒஃபர் தேதிக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தால் அளவுகோலைப் பொருத்துவது இலகு. பிரிக்காத கணக்கில் நீதிபதி தன் மதிப்பீட்டில் ஒரு தொகையைப் போட்டுவிடுவார். அது பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்த்ததை விடக் குறைவாகவே இருக்கும்.